ஒரு நாட்டுக்கே பக்கத்து வீட்டுக்காரர்!

அந்தக் கடிதத்தை எழுதியது ஐந்து வயதுச் சிறுமி. டி.வி.யில் மிஸ்டர் ரோஜர்ஸ் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போது, மீன்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். போட்டால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். அடியில் அவளுடைய அப்பா ஒரு குறிப்பு சேர்த்திருந்தார். குழந்தைக்குக் கண் தெரியாது; நீங்கள் சொல்லாத நாட்களில் அழுகிறாள்.

அதற்குப் பிறகு மீன்களுக்குத் தீனி தூவும்போதெல்லாம், "இப்போது மீன்களுக்குச் சாப்பாடு போடுகிறேன்" என்று ரோஜர்ஸ் சொல்ல ஆரம்பித்தார். கண் தெரிந்த குழந்தைகளுக்கு அது தேவையே இல்லாத வசனம். கையால் தூவுவதைத்தான் அவர்கள் பார்க்கிறார்களே! ஆனாலும் அந்த ஒருத்திக்காக, நாடு முழுவதும் அத்தனை வீடுகளிலும் அந்த வரி ஒலித்தது.

ஃபிரெட் ரோஜர்ஸ் என்ற பெயர் நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1968 பிப்ரவரியிலிருந்து 2001 ஆகஸ்ட் வரை, 'மிஸ்டர் ரோஜர்ஸின் அக்கம்பக்கம்' என்று பொருள்படும் பெயரில் பொதுத் தொலைக்காட்சியில் அரை மணி நேரக் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர் அவர். மொத்தம் ஏறத்தாழ 900 பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும். வீட்டுக் கதவைத் திறந்து பாடிக்கொண்டே உள்ளே வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜிப் வைத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றி கான்வாஸ் ஷூ மாற்றுவார். 'நீ என் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பாயா?' என்று கேட்பதுதான் பாட்டின் சாரம்.

அந்த ஸ்வெட்டர்களைப் பின்னியவர் அவருடைய அம்மா நான்சி. கிறிஸ்துமஸ் வந்தால் வேண்டியவர்களுக்கெல்லாம் கையால் பின்னிய ஸ்வெட்டர் தருவது அந்த அம்மாவின் வழக்கம். அதில் சிவப்பு நிறத்தில் ஒன்று 1984ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அம்மா 1981ல் இறந்த பிறகு, பழையவை நைந்துபோக, அதே மாதிரி ஸ்வெட்டர் கடைகளில் கிடைக்காமல் படப்பிடிப்புக் குழுவினர் அல்லாடினார்கள். கடைசியில் தபால்காரர்கள் போடும் ஸ்வெட்டரை வாங்கிச் சாயம் தோய்த்துச் சமாளித்தார்களாம். கான்வாஸ் ஷூவுக்கும் கதை உண்டு. தொடக்க காலத்தில் அவர் கேமராவுக்கு முன்னால் வரவில்லை. திரைக்குப் பின்னால் பொம்மைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். இங்கும் அங்கும் ஓடும்போது தோல் ஷூ சத்தம் கேட்டுவிடும் என்று மாட்டிக்கொண்டதுதான் அது.

பென்சில்வேனியா மாநிலத்தில் லட்ரோப் என்ற சிறிய ஊரில் 1928 மார்ச் 20ஆம் தேதி பிறந்தவர் ரோஜர்ஸ். ஊரிலேயே வசதியான குடும்பம். ஆனால் பையன் நோஞ்சான், ஆஸ்துமா வேறு. உடம்பும் பருமனாக இருந்ததால் மற்ற பிள்ளைகள் துரத்தித் துரத்திக் கேலி செய்தார்கள். 11 வயதாகும்வரை கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. அதன் பிறகுதான் பெற்றோர் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். தனிமையில் வளர்ந்த பிள்ளைக்குப் பொம்மைகளும் பியானோவும்தான் கூட்டாளிகள். தாத்தா ஃபிரெட் மெக்ஃபீலி மட்டும், நீ நீயாக இருப்பதாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். பிற்பாடு எத்தனையோ குழந்தைகளிடம் பேரன் திருப்பித் திருப்பிச் சொன்னது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

குடும்பத்தை அவர் நிகழ்ச்சிக்குள்ளேயே குடிவைத்துவிட்டார். அதில் வரும் தபால்காரரின் பெயர் மெக்ஃபீலி. வாய்த்துடுக்கான ஒரு பொம்மைக்குத் தங்கை எலெய்னின் பெயர். பொம்மை ராஜ்யத்து ராணியின் பெயர் சாரா. அது மனைவியின் முதல் பெயர்.

சாரா ஜோன் பேர்ட் என்ற அந்தப் பெண்ணை ஃபுளோரிடாவில் ரோலின்ஸ் கல்லூரியில் சந்தித்தார். இருவரும் இசை மாணவர்கள். ஜோன் அருமையாகப் பியானோ வாசிப்பார். படிப்பு முடித்து நியூயார்க்கில் டி.வி. வேலைக்குப் போன ரோஜர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கடிதத்தில்தான் கேட்டார். 1952ல் திருமணம். அதன் பிறகு ஐம்பது ஆண்டுக்கும் மேல் அந்த இல்லறம் நீடித்தது.

ரோஜர்ஸ் டி.வி.க்கு வந்ததே டி.வி.யைப் பிடிக்காமல்தான். 1951ல் பெற்றோர் வீட்டில் முதன்முதலாக அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஒருவர் முகத்தில் இன்னொருவர் பலகாரத்தை வீசியடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அற்புதமான கருவியை இதற்கா பயன்படுத்துவது என்று எரிச்சல் வந்தது. பாதிரியார் படிப்புக்குப் போக இருந்தவர் திசை மாறினார். பிட்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் 1953ல் சேர்ந்தார். மதிய உணவு இடைவேளைகளில் இறையியல் கல்லூரிக்கு ஓடிப்போய் ஓடிப்போய், எட்டு ஆண்டுகளில் அந்தப் படிப்பையும் முடித்தார். 1963ல் பிரஸ்பிட்டேரியன் சபை அவரைப் பாதிரியாராக அபிஷேகம் செய்தது. அவருக்கென்று சபையோ ஆலயமோ கிடையாது. டி.வி. வழியாகக் குழந்தைகளுக்கு ஊழியம் செய்வதுதான் அவருக்குத் தரப்பட்ட பணி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிகழ்ச்சி நடத்தியவர், அதில் மதப் பிரசங்கம் செய்யவில்லை. எந்த வீட்டுக் குழந்தையும் 'இது நமக்கில்லை' என்று நினைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். பிறன் என்றால் யார் என்று கேட்டவனுக்கு ஏசு நல்ல சமாரியன் கதையைத்தான் பதிலாகச் சொன்னார். அந்தக் கதையை ரோஜர்ஸ் பேசிக் காட்டவில்லை, நடந்து காட்டினார்.

குழந்தைகளின் மனதைப் படிக்க அவருக்கு ஒரு குரு இருந்தார். மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியல் நிபுணர். 1988ல் அவர் இறக்கும்வரை வாராவாரம் போய் உட்கார்ந்து ஸ்கிரிப்ட்களைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் குழந்தையின் காதால் கேட்டுப் பார்ப்பார். ஒருமுறை ஆஸ்பத்திரிக் காட்சியில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் காட்டி, இதை ஊதப் போகிறேன் என்று நர்ஸ் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'வெடிக்க வைப்பது' என்றும் அர்த்தம் உண்டு. மாற்று வார்த்தை போட்டுத்தான் படமாக்கினார். குளியல் தொட்டித் தண்ணீரோடு சேர்ந்து தானும் ஓட்டைக்குள் போய்விடுவோமோ என்று பயப்படும் வாண்டுகளுக்காக, அப்படியெல்லாம் போக முடியாது என்று ஒரு பாட்டே எழுதினார். பெரியவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வயதில் குளிக்க மாட்டேன் என்று வீறிட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் தவிர்க்கும் பேச்சுகளை அவர் தவிர்க்கவில்லை. 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லா டி.வி.யிலும் அதே காட்சி. வீட்டில் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று அவசரமாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி தயாரித்தார். அதில் டேனியல் என்ற கூச்ச சுபாவமுள்ள புலிப்பொம்மை முதலில் பலூனைப் பற்றிக் கேட்கும். உள்ளே இருந்த காற்று எங்கே போனது என்று கேட்கும். பிறகு சன்னக் குரலில், படுகொலை என்றால் என்ன என்று கேட்கும். 1970ல் ஒரு நாள் மீன்தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, சின்ன வயதில் தன் நாய் செத்தபோது தான் அழுததைச் சொன்னார். 1981ல் ஒரு வாரம் முழுக்க விவாகரத்தைப் பற்றி. அம்மா, அப்பா பிரிவதற்குக் காரணம் நீ இல்லை என்பதைக் குழந்தைக்குப் புரியவைக்க ஐந்து நாட்கள் எடுத்துக்கொண்டார்.

1969ல் நடந்தது இரண்டு. மே 1ஆம் தேதி, பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் நிதியைப் பாதியாகக் குறைக்க நிக்ஸன் அரசு விரும்பியபோது, செனட் குழுவின் முன் ரோஜர்ஸ் சாட்சி சொன்னார். குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் கறாரான ஆள் என்று பெயர் எடுத்தவர். ரோஜர்ஸ் எழுதி வந்த காகிதத்தைப் படிக்கவில்லை. கோபம் வரும்போது என்ன செய்வது என்று குழந்தைகளுக்காக எழுதிய ஒரு பாட்டின் வரிகளை மெதுவாகச் சொன்னார். ஆறேழு நிமிஷம்தான். எனக்கே மெய்சிலிர்க்கிறது என்றார் பாஸ்டோர். அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்று அதே ஆண்டில், ஸ்டுடியோவுக்குள் நடந்தது. கறுப்பினத்தவர் இறங்கினால் நீச்சல் குளத்தையே மூடிவிடும் ஊர்கள் அப்போது அமெரிக்காவில் இருந்தன. நிகழ்ச்சியில் போலீஸ்காரராக வரும் கறுப்பினப் பாடகர் ஃபிரான்ஸ்வா கிளெமன்ஸை ரோஜர்ஸ் கூப்பிட்டார். வெயிலாக இருக்கிறதே, வாருங்கள், கால் நனைக்கலாம் என்றார். குழந்தைகள் விளையாடும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் இரண்டு ஜோடிக் கால்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. 1993ல் கிளெமன்ஸ் விடைபெற்ற பகுதியில் அதே காட்சியைத் திரும்ப நடத்தியபோது, கிளெமன்ஸின் கால்களை ரோஜர்ஸ் துண்டால் துடைத்துவிட்டார்.

இதே கிளெமன்ஸ் சொல்லும் இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அவர் ஓரினச்சேர்க்கையாளர். அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சியே நின்றுபோகும், அந்த மாதிரி இடங்களுக்குப் போகாதே என்று அந்தக் காலத்தில் ரோஜர்ஸ் அவரிடம் சொன்னார். கிளெமன்ஸுக்கு அது வலித்தது. ஆனாலும் தன் சொந்த அப்பாவிடம் கிடைக்காத பாசம் இந்த மனிதரிடம் கிடைத்தது என்று கடைசிவரை சொல்லிவருகிறார். இரண்டும் உண்மை.

டி.வி.யில் நல்லவர் வீட்டில் எப்படி? இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். ரோஜர்ஸ் தம்பதிக்கு 1959லும் 1961லும் பிறந்த இரண்டு மகன்கள். நாட்டின் குழந்தைகளையெல்லாம் புரிந்துகொண்டவரின் வீட்டிலும், எல்லா வீடுகளையும் போலப் பதின்ம வயதில் உரசல்கள் இருந்தன. கிட்டத்தட்ட இன்னொரு ஏசுவே அப்பாவாக வாய்த்தால் கொஞ்சம் கஷ்டம்தான் என்று மகன்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் நிலையில் நின்று பார்த்தால் புரியும். உலகமே கொண்டாடும் அப்பாவிடம் சண்டை போட்டால் யார் நம் பக்கம் பேசுவார்கள்?

கோபம் வந்தால் ரோஜர்ஸ் கத்த மாட்டார். பியானோவில் போய் உட்கார்ந்து கட்டைகளைத் தட்டித் தீர்ப்பார். ஜோன் அவருக்கு நேர்மாறு. வாய்விட்டுச் சிரிப்பவர், கேலிக்காரர். அலுப்பூட்டும் பெரிய மனிதர்கள் கூட்டத்தில் கணவர் தன்னைச் சிரிக்க வைக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ரகசியமாகக் காற்றுப் பிரித்துவிட்டு அப்பாவியாகப் பார்ப்பார் என்று, எண்பது வயதுக்கு மேல் பேட்டியில் போட்டு உடைத்தவர் அவர்தான். பொம்மைகளில் எது உங்கள் கணவர் என்று கேட்டால் ஜோன் யோசிக்கவே மாட்டார். அந்தக் கூச்ச சுபாவமுள்ள புலி டேனியல்தான்.

தினமும் விடிகாலையில் எழுந்துவிடுவார். பிரார்த்தனையில் தெரிந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வார். பிறகு நீச்சல். குடி, சிகரெட் கிடையாது. இறைச்சியையும் விட்டுவிட்டார். தாய் உள்ள எதையும் சாப்பிட மனம் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எடை எப்போதும் 143 பவுண்டு, அதாவது சுமார் 65 கிலோ. 'ஐ லவ் யூ' என்ற மூன்று சொற்களில் ஒன்று, நான்கு, மூன்று எழுத்துகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அந்த எண்ணைப் பரிசாகவே எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு சாதுவான ஆளைப் பற்றியும் புரளி கிளம்பாமல் இல்லை. ராணுவத்தில் குறிபார்த்துச் சுடும் வீரராக இருந்தார், கையில் பச்சை குத்தியிருப்பதை மறைக்கத்தான் முழுக்கை ஸ்வெட்டர் என்றொரு கதை இணையத்தில் இன்றும் சுற்றுகிறது. வாட்ஸ்அப் மாமாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு போல. அவர் ராணுவத்தில் இருந்ததே இல்லை.

குழந்தைகள் எழுதும் கடிதங்கள் அத்தனைக்கும் பதில் போட்டார். பேட்டி எடுக்க வந்த பத்திரிகையாளர்களிடம் அவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் யார் யாரைப் பேட்டி எடுத்தார்கள் என்றே தெரியாமல் செய்துவிடுவார். டெக்சாஸைச் சேர்ந்த டிம் மாடிகன் அப்படி 1995ல் வந்த பத்திரிகையாளர். மண வாழ்க்கையில் சிக்கல், மனச்சோர்வு. தன் அப்பாவிடம் ஏங்கிக் கிடைக்காத ஒன்றை ரோஜர்ஸிடம் கடிதத்தில் கேட்டார்: நீங்கள் என்னை நினைத்துப் பெருமைப்படுவீர்களா? உடனே பதில் வந்தது. பெருமைப்படுகிறேன் என்று. அதற்குப் பிறகு வந்த கடிதங்களின் அடியில் அந்த வாக்கியத்தின் முதலெழுத்துகளை மட்டும் ரோஜர்ஸ் போட்டுவந்தார். மாடிகன் பின்னாளில் அந்த நட்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

1987ல் மூளையில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இருந்த ஒரு சிறுமிக்குப் போன் செய்து நெடுநேரம் பேசினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நினைவில்லாமல் கிடந்தபோது, பொம்மைகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வந்து படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

சக்கர நாற்காலியில் வந்த பத்து வயதுப் பையன் ஒருவன், 1981ல் ஒளிபரப்பான பகுதியில் அந்த நாற்காலி எப்படி இயங்குகிறது, தனக்கு ஏன் அது தேவை என்று விளக்கினான். ஒத்திகையே இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பாடினார்கள். 1999ல் ரோஜர்ஸுக்குத் தொலைக்காட்சித் துறையின் பெரிய கௌரவம் ஒன்று கிடைத்த விழாவில், வளர்ந்து ஆளாகிவிட்ட அதே பையனை மேடைக்கு வரவழைத்திருந்தார்கள். முன்வரிசையில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்த ரோஜர்ஸ், படிக்கட்டைத் தேடாமல் ஒரே தாவலில் மேடை ஏறிவிட்டார்.

அவர் வாழ்நாளில் ஒரு மேடையில் செய்த மிக நீண்ட 'பேச்சு' எது தெரியுமா? பத்து விநாடி மௌனம். 1997ல் எம்மி வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்க வந்தவர், உங்களை இந்த நிலைக்கு அன்பால் வளர்த்தவர்களைப் பத்து விநாடி நினையுங்கள், நான் நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். அரங்கத்தில் முதலில் லேசான சிரிப்பு. பிறகு கேமரா திரும்பிய இடமெல்லாம் நட்சத்திரங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

2002ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜனவரியில் ஆபரேஷன்; பலனில்லை. நல்லவர்களைச் செம்மறியாடுகளாகவும் மற்றவர்களைக் கிடாக்களாகவும் பிரிப்பதாகப் பைபிளில் ஓர் இடம் வரும். கடைசி நாட்களில் ரோஜர்ஸ் அதை மனதில் போட்டுக் குழம்பியிருக்கிறார். நான் செம்மறியாடாக இருப்பேனா என்று மனைவியிடம் கேட்டார். பசித்தவனுக்குச் சோறும் அந்நியனுக்கு இடமும் கொடுத்தாயா என்பதுதான் அந்தப் பகுதியில் வரும் கேள்வி. ஆயுசு முழுக்க அதையே செய்த மனிதருக்கு வந்த சந்தேகம் அது. செம்மறியாடு என்று ஒருவர் இருந்தால் அது நீங்கள்தான் என்றார் ஜோன்.

2003 பிப்ரவரி 27ஆம் தேதி, பிட்ஸ்பர்க் வீட்டில், மனைவி பக்கத்தில் இருக்க, உயிர் பிரிந்தது. 75ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. லட்ரோப் ஊரில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மிஸ்டர் ரோஜர்ஸ் இறந்துவிட்டார் என்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்த பெற்றோருக்காக, அவருடைய நிறுவனம் இணையதளத்தில் ஒரு வழிகாட்டி போட்டது. அழுதால் அழ விடுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள் என்ற ரீதியில். செத்த மீனைப் புதைத்த அன்று அவர் சொன்னதுதான்.

அவருக்குப் பிறகு ஜோன் 18 ஆண்டுகள் இருந்தார். 2018ல் ஆவணப்படம் எடுக்க வந்தவர்களிடமும், அடுத்த ஆண்டு டாம் ஹாங்க்ஸ் நடித்த படத்தை எடுத்தவர்களிடமும் அவர் கேட்டது ஒன்றுதான். என் கணவரை மகானாக்கிவிடாதீர்கள். மகான் என்று சொல்லிவிட்டால், நம்மால் முடியாது என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அவர் அப்படி இருப்பதற்குத் தினமும் பாடுபட்டார் என்பார். ஹாங்க்ஸ் படத்தில் ஒரு சீன உணவகக் காட்சியில், பக்கத்து மேஜை ஒன்றில் ஜோனும் உட்கார்ந்திருப்பார். பார்க்காதவர்கள் பார்க்கும்போது கவனியுங்கள்.

2018 அக்டோபர் 27ஆம் தேதி, பிட்ஸ்பர்க்கின் ஸ்குரில் ஹில் பகுதியில் யூத ஆலயத்துக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். ரோஜர்ஸ் குடும்பம் வாழ்ந்த அதே அக்கம்பக்கம். பயங்கரமான செய்தி வரும்போது உதவி செய்ய ஓடுகிறவர்களைப் பார் என்று நான்சி அம்மா சின்ன மகனிடம் சொல்லியிருந்தது அந்த வாரம் முழுக்க ஊரில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. மனித நேயத்தைப் பற்றிப் பேச எல்லோரும் தேடி வந்தது ஜோனைத்தான்.

2021 ஜனவரியில், பிட்ஸ்பர்க் வீட்டிலேயே, 92 வயதில் ஜோன் காலமானார். அந்த ஊரின் ஆற்றங்கரையில் ரோஜர்ஸின் வெண்கலச் சிலை ஒன்று 2009லிருந்து இருக்கிறது. நின்று கைகாட்டும் சிலை இல்லை. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்து, குனிந்து, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.